சிறு அசைவுக்குப் பதில் சொல்லும் பொம்மை

குழந்தைகள் நரம்பியல் மற்றும் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து பெற்றோருக்கு ஒரு பாடம்

தொட்டிலில் படுத்திருக்கும் மூன்று மாதக் குழந்தையின் கை, மேலே தொங்கும் கிலுகிலுப்பையில் தற்செயலாகப் படுகின்றது. ஓசை எழுகின்றது. குழந்தை ஒரு கணம் அசைவற்றுக் கவனிக்கின்றது. பின்பு மீண்டும் கையை வீசுகின்றது. முதல் வீச்சு தற்செயல். இரண்டாவது வீச்சு கல்வி. "நான் செய்தேன், அதனால் இது நடந்தது" என்னும் அறிவு அங்கேதான் முளைக்கின்றது. பிற்காலத்தில் கை நீட்டிக் கேட்பதற்கும், அழைப்பதற்கும், பேசுவதற்கும் இந்த அறிவே அடித்தளம்.

இதனை ஆய்வாளர்கள் நெடுநாட்களுக்கு முன்பே அளந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், தொங்கும் பொம்மையிலிருந்து வந்த நாடா ஒன்று குழந்தையின் காலில் கட்டப்பட்டது. கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களிலேயே குழந்தைகள் உதைக்கும் எண்ணிக்கையைக் கூட்டினர். ஜான் வாட்சன், கிரெய்க் ராமி ஆகிய இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. எட்டு வாரக் குழந்தைகளின் தலையணைக்குள் அழுத்தத்தை உணரும் கருவி வைக்கப்பட்டது. தலையைச் சற்று அழுத்தினால் மேலே தொங்கும் பொம்மை சுழலும். அந்தக் குழந்தைகள் தலையசைவைக் கூட்டியதோடு, பொம்மையைப் பார்த்துச் சிரிக்கவும் குரலெழுப்பவும் தொடங்கினர். வேறொரு குழுவில் பொம்மை தானாகவே சுழன்றது; குழந்தையின் செயலுக்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை. அக்குழந்தைகளிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. பொம்மை ஒன்றே; ஆனால் தன்னால் சுழல்கின்றது என்று உணர்ந்த குழந்தைக்கே அது மகிழ்ச்சியளித்தது.

இக்கட்டுரையின் செய்தி இதுவே. கை கால் அசைவு மிகவும் குறைந்த குழந்தைக்கு நாம் ஏராளமான பொம்மைகளைக் காட்டுகின்றோம், பாட்டுப் போடுகின்றோம், விளக்கை எரிய விடுகின்றோம். அவையெல்லாம் குழந்தையின் முன் தாமாக நடப்பவை. குழந்தை தானே நடத்துவது ஒன்றேனும் வேண்டும். அதற்குத் தேவையான கருவியை வீட்டிலேயே செய்ய முடியும்.

எந்தக் குழந்தைகளுக்கு?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், தசைச்சிதைவு அல்லது தண்டுவட நரம்புக் குறைபாட்டால் வலுவிழந்த குழந்தைகள், மரபணுக் காரணங்களால் வளர்ச்சி தாமதமான குழந்தைகள், பார்வைக் குறைபாட்டுடன் கை இயக்கமும் குறைந்த குழந்தைகள் ஆகியோர் இதனால் பயன்பெறுவர். கடைப் பொம்மையின் பொத்தான் சிறியது. அதனைக் குறிபார்த்துத் தொட்டு, போதிய வலுவுடன் அழுத்தி, பின்பு விரலை எடுக்க வேண்டும். இம்மூன்றும் இக்குழந்தைகளுக்கு அரியவை. ஆகவே பொம்மை இருந்தும் அவர்களால் விளையாட இயல்வதில்லை.

பலமுறை முயன்றும் எதுவும் நடவாதபோது குழந்தை முயற்சியையே விட்டுவிடுகின்றது. பார்ப்பவர்கள், "இதற்கு ஒன்றும் புரியவில்லை" என்று முடிவு செய்கின்றனர். புரிதல் இல்லாமையும், புரிந்ததைக் காட்டும் வழி இல்லாமையும் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும். ஒரு குழந்தையைப் பற்றி நாம் செய்யக்கூடிய பெரும்பிழை இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே.

அடிப்படைத் தத்துவம்

மின்சுற்று ஒரு வட்டப் பாதை. மின்கலத்தின் ஒரு முனையில் புறப்படும் மின்னோட்டம் விளக்கு அல்லது மோட்டார் வழியாகச் சென்று மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். பாதையில் ஓரிடத்தில் இடைவெளி இருந்தாலும் எதுவும் இயங்காது. இடைவெளியை மூடும் எந்தப் பொருளும் ஒரு சுவிட்ச். நாம் செய்யப்போவது இவ்வளவே: பொம்மையின் பாதையில் ஓர் இடைவெளியை உண்டாக்கி, அதனை மூடும் உரிமையைக் குழந்தையின் கைக்கோ, காலுக்கோ, கன்னத்துக்கோ தருவது.

இதற்கு இரு பொருட்கள் தேவை. ஒன்று, குழந்தை தொடும் அழுத்தப் பலகை. மற்றொன்று, பொம்மையின் மின்கல அறைக்குள் செருகும் இடைத்தகடு.

அழுத்தப் பலகை

12 சென்டிமீட்டர் சதுரமான தடித்த அட்டைகள் இரண்டு, சமையலறை அலுமினியத் தாள், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம், ஒரு மீட்டர் மெல்லிய இரட்டைக் கம்பி, ஒட்டும் டேப் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஒவ்வோர் அட்டையின் ஒரு பக்கத்திலும் அலுமினியத் தாளைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். ஓரங்களில் ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள்.

இரண்டாவதாக, இரட்டைக் கம்பியின் ஒரு முனையில் இரு இழைகளையும் பிரித்து, மேலுறையை 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு உரித்துவிடுங்கள். ஓர் இழையை ஒரு தாளின் மீதும், மற்றதை மறு தாளின் மீதும் விசிறிபோல் பரப்பி, டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. ஆகவே சால்டரிங் செய்ய முயல வேண்டாம். உறுதியான இணைப்பு வேண்டுமெனில் தாளுக்குப் பதிலாகச் செம்பு டேப்பைப் பயன்படுத்தலாம். அதில் பற்று நன்றாகப் பிடிக்கும்.

மூன்றாவதாக, ஃபோமை 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவில் ரூபாய் நாணய அளவில் நான்கைந்து துளைகள் இடுங்கள். அதனை இரு அட்டைகளுக்கும் நடுவில், தாள்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, ஓரங்களை ஒட்டிவிடுங்கள். மேலே அழுத்தும்போது துளைகளின் வழியே இரு தாள்களும் தொடும். கையை எடுத்தால் ஃபோம் அவற்றைப் பிரிக்கும்.

துளை பெரிதாக இருந்தால் இலேசான தொடுகை போதும். சிறிதாக இருந்தால் வலுவான அழுத்தம் வேண்டும். ஃபோமின் தடிமனும் அவ்வாறே. தசை வலுவிழந்த குழந்தைக்கு மெல்லிய ஃபோமும் பெரிய துளைகளும் ஏற்றவை. கை விறைத்து வேகமாக விழும் குழந்தைக்குத் தடித்த ஃபோமும், அட்டைக்குப் பதிலாக மெல்லிய பலகையும் நல்லது. விலை கொடுத்து வாங்கும் சுவிட்சில் இந்தப் பொருத்தம் எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் குழந்தையின் வலுவை அறிந்த நீங்களே அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.

மேற்புறத்தை ஒரே வண்ணமுள்ள துணியால் மூடுங்கள். கண் நலமாக இருந்தும், பார்வையைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பூப்போட்ட துணி குழப்பம் தரும். கறுப்பு விரிப்பின் மீது சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரே பொருள் என்பது அவர்களுக்கு எளிது. பார்வை அறவே இல்லாத குழந்தைக்குச் சொரசொரப்பான துண்டுத் துணி அல்லது வெல்வெட் ஏற்றது.

கம்பியின் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் மோனோ பிளக் ஒன்றைப் பொருத்துங்கள். பழைய இயர்போனில் பார்த்திருப்பீர்கள், அதே அளவுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான சுவிட்சுகளும் பேச்சு உதவிக் கருவிகளும் பெரும்பாலும் இந்த அளவையே பயன்படுத்துகின்றன. ஆகவே இன்று பொம்மைக்காகச் செய்த பலகையை நாளை வேறு கருவியிலும் செருக முடியும்.

இடைத்தகடு

மின்கலத்தால் இயங்கி, சுவிட்சைப் போட்டவுடன் ஓடும் பொம்மையே இதற்கு ஏற்றது: முரசு கொட்டும் குரங்கு, நடக்கும் நாய், குமிழி ஊதும் பொறி, சிறிய மின்விசிறி போன்றவை. பென்சில் பேட்டரி எனப்படும் ஏஏ வகை மின்கலம் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். இரண்டு அல்லது மூன்று கலங்கள் உள்ள பொம்மையில் 3 முதல் 4.5 வோல்ட் வரையே இருக்கும். இந்த அழுத்தம் உலர்ந்த தோலில் அதிர்ச்சி தராது.

விசிட்டிங் கார்டு போன்ற அட்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட துண்டை வெட்டுங்கள். அதன் இரு பக்கங்களிலும் செம்பு டேப்பை ஒட்டுங்கள். ஓரங்களில் செம்பும் செம்பும் தொடாதவாறு சிறிது இடம் விடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கம்பியைச் சால்டரிங் செய்து, அவற்றின் மறுமுனையை 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட்டில் இணையுங்கள். இரண்டு பக்கமும் செம்புள்ள சர்க்யூட் போர்டுத் துண்டு கிடைத்தால் இன்னும் உறுதியாக இருக்கும்.

இத்துண்டைப் பொம்மையின் மின்கலத்துக்கும், அது தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே செருகுங்கள். மூடியின் ஓரத்தில் கம்பி வெளிவர ஒரு சிறு வெட்டு போதும். பொம்மையின் சொந்தச் சுவிட்சை எப்போதும் "ஆன்" நிலையில் வையுங்கள். இப்போது பாதையில் இடைவெளி விழுந்துவிட்டதால் பொம்மை ஓடாது. அழுத்தப் பலகையைச் சாக்கெட்டில் செருகிக் கையால் அழுத்தினால் ஓடும்.

இயங்கவில்லையெனில் மூன்று இடங்களைப் பாருங்கள். அழுத்தாதபோதும் பொம்மை ஓடிக்கொண்டே இருந்தால் இரு செம்புப் பக்கங்களோ, பலகையின் இரு தாள்களோ எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. அழுத்தியும் ஓடவில்லையெனில் கம்பி பிரிந்திருக்கலாம். மல்ட்டிமீட்டரில் ஒலியெழுப்பும் நிலையை வைத்து இரு முனைகளையும் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஓடவில்லையெனில் அப்பொம்மை சுவிட்சை "ஆன்" செய்த பின்னும் தனியே ஒரு பொத்தானை அழுத்த வேண்டிய வகையாக இருக்கும். அதற்கு இடைத்தகடு பயன்படாது. பொம்மையைத் திறந்து, உள்ளே அப்பொத்தானின் இரு முனைகளிலிருந்து கம்பி எடுக்க வேண்டும். மின்னணுவியல் பயிலும் உறவினரோ, அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவரோ இதனை எளிதில் செய்து தருவார்.

தொடாமலே உணரும் ஒளி உணரி

சில குழந்தைகளால் கையை நகர்த்த முடியும், அழுத்த முடியாது. அவர்களுக்காக நிழலை உணரும் சுற்று ஒன்றைச் செய்யலாம். எல்.டி.ஆர். எனப்படும் ஒளி உணரியின் மின்தடை வெளிச்சத்தில் குறையும். இருளில் பன்மடங்கு கூடும். குழந்தையின் கை அதன் மேல் வந்தால் நிழல் விழும். அந்த மாற்றத்தை டிரான்சிஸ்டர் ஒன்று சுவிட்சாக மாற்றும்.

பி.சி. 547 டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்கி, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்போது, இடமிருந்து வலமாக அதன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் ஆகும். மூன்று ஏஏ கலங்களின் எதிர்முனையை எமிட்டருடன் இணையுங்கள். பேஸுக்கும் எதிர்முனைக்கும் நடுவே எல்.டி.ஆரை வையுங்கள். நேர்முனையிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடையும், அதற்கு அடுத்து 100 கிலோ ஓம் பிரீசெட்டும் வரிசையாகப் பேஸுக்கு வரட்டும். நேர்முனையிலிருந்து 150 ஓம் மின்தடை வழியாகச் சிவப்பு எல்.இ.டி. ஒன்று கலெக்டருக்கு வரட்டும். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். கையை மேலே வைக்கும்போது விளக்கு எரியும் வரை பிரீசெட்டைத் திருப்புங்கள்.

இந்த டிரான்சிஸ்டர் தாங்கும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே. எல்.இ.டி., சிறு பஸ்ஸர் ஆகியவற்றுக்கு அது போதும். மோட்டாரை நேரடியாக இணைத்தால் டிரான்சிஸ்டர் கருகிவிடும். அதற்கு ரிலே வேண்டும். எல்.டி.ஆரில் பொதுவாகக் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தின் சேர்மம் இருப்பதால், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குள்தான் அதனைப் பொருத்த வேண்டும். நம் வீடுகளில் மற்றொரு சிக்கலும் உண்டு: விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழன்றால் அதன் நிழல் விழுந்து உணரி தானாகவே இயங்கும். விளையாடும் இடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உடலில் எங்கே வைப்பது?

பலகை செய்வது ஒரு மாலை வேலை. அதனை எங்கே வைப்பது என்பதில்தான் மருத்துவரும் இயன்முறை, செயல்முறைச் சிகிச்சையாளர்களும் உங்களுக்குத் துணைநிற்க வேண்டும். குழந்தை தன் விருப்பப்படி, சோர்வின்றி, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஓர் அசைவைத் தேடுங்கள். அது கையாக இருக்க வேண்டுமென்பதில்லை. பாதம், முழங்கால், முழங்கை, கன்னம், தலையின் பின்புறம் எதுவும் ஆகலாம்.

முதலில் உட்காரும் நிலையைச் சீர்செய்யுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்புறம்வரை சென்றிருக்க வேண்டும். பாதங்கள் ஏதேனும் ஒன்றின் மீது ஊன்றியிருக்க வேண்டும். உடல் சரிந்துவிடுமோ என்னும் அச்சத்திலேயே முழு வலுவும் செலவானால் கையை அசைக்க எதுவும் மிஞ்சாது.

மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகள் தலையை ஒரு பக்கம் திருப்பினால், அப்பக்கத்துக் கை தானாக நீளும். மறுபக்கத்துக் கை மடங்கும். இது குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் மறைய வேண்டிய அனிச்சைச் செயல். அத்தகைய குழந்தைக்குப் பக்கவாட்டில் பலகையை வைத்தால் விருப்பமும் அனிச்சையும் கலந்துவிடும். உடல் மேலும் விறைக்கும். பலகையும் பொம்மையும் உடலின் நடுக்கோட்டுக்கு நேராக இருப்பதே அவர்களுக்கு நல்லது. திடீரென எழும் உரத்த ஓசைக்கு உடல் தூக்கிப்போடும் குழந்தைக்கு மெல்லிய ஓசையுள்ள பொம்மையைத் தேர்ந்தெடுங்கள். ஒலிபெருக்கித் துளையின் மீது டேப் ஒட்டினால் ஓசை தணியும்.

காத்திருத்தல்

குழந்தையின் கையைப் பிடித்துப் பலகையின் மேல் அழுத்த வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அன்பின் மிகுதியால் நிகழ்வது இதுவே. அழுத்தியது அம்மா என்றால் பொம்மையை ஆட்டியதும் அம்மாதான். குழந்தை மீண்டும் பார்வையாளராகிவிடும். ஓரிரு முறை நீங்கள் அழுத்திக் காட்டுங்கள். பின்பு கையை எடுத்துக்கொண்டு, மனத்துக்குள் முப்பது வரை மெதுவாக எண்ணுங்கள். பாதிக்கப்பட்ட நரம்புப் பாதை வழியே எண்ணம் அசைவாக மாறுவதற்கு நேரம் பிடிக்கும். நடுவில், "அமுக்குடா கண்ணா, அமுக்கு" என்று தூண்டிக்கொண்டே இருந்தால் அந்த ஓசையையும் புரிந்துகொள்ளும் சுமை கூடும்.

சில நாட்கள் விளையாடிய பின் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஐந்து நிமிடங்கள் பொம்மையை இணைத்துவைத்து, எத்தனை முறை அழுத்துகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு சத்தமில்லாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு அடுத்த இரண்டு நிமிடங்கள் கவனியுங்கள். செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை அறிந்த குழந்தை முதலில் வேகமாகப் பலமுறை அழுத்தும், பொம்மையைப் பார்க்கும், முகம் சுளிக்கும் அல்லது குரலெழுப்பும். பின்பு அழுத்துவதைக் குறைக்கும். இணைத்தபோதும் கழற்றியபோதும் எவ்வித மாற்றமும் இல்லையெனில், இதுவரை நடந்தது தற்செயல் அசைவாக இருக்கலாம். வேறோர் இடத்தில், வேறோர் அசைவில், வேறொரு பொம்மையில் முயல வேண்டும். இக்குறிப்பேட்டை மருத்துவமனைக்கு வரும்போது தவறாமல் கொண்டுவாருங்கள். பத்து நிமிடப் பரிசோதனையில் நாங்கள் காண இயலாததை அது சொல்லும்.

எம் பிரிவுக்கு வந்த நான்கு வயதுச் சிறுமியிடம் இச்சோதனையைச் செய்தோம். உடன்வந்த பாட்டி, "பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க டாக்டர், நாம பேசுறது காதுல விழுதான்னே தெரியல" என்று முன்பே சொல்லியிருந்தார். முழங்கையால் அழுத்தி முரசுக் குரங்கை ஆட்டிக்கொண்டிருந்த சிறுமியின் பிளக்கைக் கழற்றினோம். அவள் நான்கு முறை அழுத்தினாள். குரங்கைப் பார்த்தாள். பின்பு தலையை மெல்லத் திருப்பிப் பாட்டியைப் பார்த்தாள். "என்னையக் கேக்குறாளே, ஏன் நின்னுபோச்சுன்னு கேக்குறாளே" என்றார் பாட்டி. அன்று அச்சிறுமியின் நோய் எதுவும் மாறிவிடவில்லை. அவளிடம் பேசுபவர்களின் எண்ணிக்கை அன்றிலிருந்து கூடியது.

அடுத்த படிகள்

அழுத்தும் வரை ஓடுவது முதற்படி. விறைப்பால் கையை எடுக்க இயலாத குழந்தைக்கு ஒரு நேரக் கணக்கிச் சுற்று உதவும். 1972இல் விற்பனைக்கு வந்து இன்றும் எங்கும் கிடைக்கும் 555 என்னும் ஐ.சி. இதற்கு ஏற்றது. 100 கிலோ ஓம் மின்தடையும் 47 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் இணைத்தால் ஒருமுறை அழுத்தியதும் ஏறக்குறைய 5 விநாடிகள் இயங்கி நிற்கும். மீண்டும் ஓட வேண்டுமானால் கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தத்தைச் சிறு மின்தேக்கி ஒன்றின் வழியாக ஐ.சி.க்கு அனுப்பினால்தான் இது நடக்கும். இல்லையேல் கையை எடுக்காத வரை பொம்மை ஓடிக்கொண்டே இருக்கும். செய்து தருபவரிடம் இதனை மறவாமல் சொல்லுங்கள். கையைத் தளர்த்துவதும் ஒரு திறனே. அதற்கு இவ்விளையாட்டு ஒரு பயிற்சி.

மூன்றாம் படி, இரு பலகைகள் இரு பொம்மைகள்: குழந்தை விரும்புவதைத் தானே தேர்ந்தெடுக்கும். நான்காம் படி, குரல் பதிவுக் கருவி. பலகையை அழுத்தினால் "அம்மா, இங்கே வா" என்று அக்காளின் குரல் ஒலிக்கலாம். பொம்மையை ஆட்டிய அதே அசைவு இப்போது ஆளை அழைக்கின்றது. நாம் செல்ல விரும்பும் திசை இதுவே.

பாதுகாப்பு விதிகள்

பட்டன் பேட்டரி எனப்படும் வட்ட வடிவ மின்கலத்தை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அது திசுவை ஆழமாக அரித்துவிடக்கூடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம்; உணவு கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்குவதில் சிரமமில்லாத குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் எனில், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் தரலாம். ஆறு முறைக்கு மேல் கூடாது. தேனுக்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம். மூளை முடக்குவாதத்தால் உணவு புரையேறும் குழந்தைக்குத் தேன் தரக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தேன் கூடாது.

வீட்டு மின்சாரத்தில் செருகும் எதனையும் இச்சுற்றுகளுடன் இணைக்க வேண்டாம். செல்பேசி சார்ஜரும் கூடாது. கைபேசியிலிருந்து கழற்றிய லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடும், அதுவும் வேண்டாம். ஏஏ கலங்கள் மட்டும் போதும். மின்கல அறையின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும்.

சாய்வை உணரும் சுவிட்ச் வாங்கினால் பாதரசம் இல்லாத, உலோக உருண்டை வகையையே கேட்டு வாங்குங்கள். ஈயமில்லாத பற்றைப் பயன்படுத்துங்கள். சால்டரிங் வேலையைக் குழந்தை இல்லாத அறையில், சன்னலைத் திறந்துவைத்துச் செய்து, முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். ஈயம் வளரும் மூளைக்கு நேரடித் தீங்கு செய்வது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலருக்கு வலிப்பு நோயும் உண்டு. மின்னி மின்னி எரியும் விளக்குள்ள பொம்மையை அவர்களுக்குத் தர வேண்டாம். சீராக எரியும் விளக்கே பாதுகாப்பானது. விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்குக் காரணமாகலாம்.

கம்பி கழுத்தில் சுற்றாதவாறு நாற்காலியின் பலகைக்கு அடியில் கட்டிவையுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் குழந்தையைக் கருவியுடன் தனியே விட வேண்டாம். எச்சில் பட்ட பலகையின் துணியை அன்றாடம் மாற்றுங்கள். கூர்மையான கம்பி முனை ஏதேனும் வெளியே தெரிகின்றதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள்.

எதனை எதிர்பார்க்கலாம்?

இக்கருவி விறைப்பைக் குறைக்காது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பை மாற்றாது. அவ்வாறு சொல்லி எவரேனும் விலையுயர்ந்த பொறியை விற்க முன்வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உடற்பயிற்சியும் மருந்தும் முன்போலவே தொடர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடங்கள், இரண்டு முறை விளையாடினால் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, கொட்டாவி விட்டாலோ அன்றைய ஆட்டம் முடிந்தது என்று கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்வதும் அதன் உரிமையே.

சில குழந்தைகள் முதல் நாளிலேயே தொடர்பை உணர்வர். சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆறு வாரங்களுக்குப் பின்னும் மாற்றம் தெரியவில்லையெனில் கருவியைக் குறைகூறி ஒதுக்கிவிடாமல் எங்களிடம் வாருங்கள். கேட்கும் திறன், பார்வை, உறக்கம், வலிப்பு மருந்தின் அளவு, மலச்சிக்கல், பல்வலி எனக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் பலவும் சரிசெய்யக்கூடியவை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களிலும் செயல்முறைச் சிகிச்சையாளரின் ஆலோசனையைப் பெறலாம்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் செய்த பலகையையும், குழந்தைக்குப் பிடித்த பொம்மையையும், எண்ணிக்கைக் குறிப்பேட்டையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். பலகை கோணலாக இருந்தாலும் கவலையில்லை. எந்த இடத்தில் வைத்தால் உங்கள் குழந்தை எளிதாகத் தொடும் என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.